வாய்ச் சொல்லுக்கு ஓராண்டே ஆயுள்

செட்டிகுளத்தில் பெருவீதியை விட்டு உட்கிராமங்களுக்குப் பிரியும் கிறவல் ஒழுங்கைகளிற் செல்வோர் ஒரு காட்சியைக் காணாது திரும்புதல் அரிது. அத்திவாரம் உண்டு, யன்னல் மட்டம் வரை எழுந்த சுவர் உண்டு, கூரை இல்லை. சுவரின் உட்புறத்தே பற்றை வளர்ந்து நிற்கின்றது. அருகில் ஒரு தகரக் கொட்டிலில் வீட்டுக்குரிய குடும்பம் வாழ்கின்றது. அக்குடும்பத்தின் அவலத்தைப் பற்றிப் பேசுவோர் பலர், பேசவேண்டியதுதான். ஆனால் அச்சுவரைக் கட்டியவர் யார், அவருக்குரிய கூலி கிடைத்ததா, கல்லும் சீமெந்தும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரரின் கணக்கு என்னவாயிற்று என்று கேட்போர் மிகச் சிலர். இவ்வாரம் நாம் அவர்களைப் பற்றியே எழுதுகின்றோம்.

அண்மையில் வயது முதிர்ந்த மேசன் ஒருவர் எம்மிடம் வந்தார். கையில் ஒரு பாடசாலை அப்பியாசக் கொப்பி. தாம் கட்டிய மூன்று வீடுகளின் கணக்கை அதில் எழுதி வைத்திருந்தார். எந்தத் திகதியில் எத்தனை பேர் வேலை செய்தனர், எத்தனை மூடை சீமெந்து முடிந்தது, எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு நிலுவை என்பனவெல்லாம் ஒரு கணக்காளர் வெட்கப்படும் அளவுக்கு நேர்த்தியாக இருந்தன. “ஒருத்தரும் தரமாட்டம் எண்டு சொல்லேல்லை ஐயா. காசு வரட்டும் எண்டுதான் சொல்லினம்” என்றார். நாம் கொப்பியைப் புரட்டினோம். ஒரு பக்கத்திலேனும் வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லை. கடைசிப் பதிவு எழுதி மூன்றாண்டு கடந்திருந்தது. வழக்குக்குப் போகவேண்டாம் என்று அவருக்குச் சொல்வதைத் தவிர எமக்கு வேறு வழியிருக்கவில்லை. அவர் சினக்கவில்லை. கொப்பியை மடித்து வேட்டி மடிப்பிற் செருகிக்கொண்டு போனார். சினந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் கேளாத கேள்விக்கு இங்கு விடை சொல்கின்றோம். எமது நாட்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடித்தளம் உரோமன்-டச்சுச் சட்டம். ஒரு வாக்குறுதி செல்லுபடியாக வேண்டுமாயின் அதற்குக் கைம்மாறு எங்கே என்று ஆங்கிலச் சட்டம் கேட்கும். உரோமன்-டச்சுச் சட்டம் அவ்வாறு கேட்பதில்லை. நியாயமான காரணத்தோடு உண்மையாகக் கொடுத்த வாக்குக் கொடுத்தவரைக் கட்டும். 1918 இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் பிரிவிக் கவுன்சில் இதனை ஐயத்துக்கு இடமின்றி உரைத்தது. காணி கைமாற நொத்தாரிசு உறுதி வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. கட்டட வேலைக்கு அவ்விதி இல்லை. ஆகவே, வேலிக்கு இப்பால் நின்று வீட்டுக்காரர் “இன்ன கூலிக்குக் கட்டித் தாரும்” என்று கேட்க, வேலிக்கு அப்பால் நின்று மேசன் “கட்டித் தாறன்” என்று சொன்ன அக்கணமே சட்டத்தின் முன் ஓர் ஒப்பந்தம் பிறந்துவிடுகின்றது.

பிறந்தது எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதே கேள்வி. காலாவதியைப் பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடுக்க 6 ஆண்டும் எழுத்தில் இல்லாததற்கு 3 ஆண்டும் கொடுக்கின்றது. ஆனால் அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு, விற்றுக் கொடுத்த பொருளின் விலை, கடைக் கணக்கு, செய்த வேலைக்குரிய பணம், கைவினைஞர், தொழிலாளர், வேலையாட்கள் ஆகியோரின் கூலி என்பவற்றை வேறாகப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு ஓராண்டே தவணை விதிக்கின்றது. மேசனின் கூலியும் கடைக்காரரின் சீமெந்துக் கணக்கும் வேறெந்த வகையைச் சேரும்? வழக்கென்று ஒன்று எழுந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் விரிப்பது இந்தப் பிரிவைத்தான். அதற்கு மறுவாதம் இல்லாமலில்லை. கல்லும் மண்ணும் கூலியும் சேர்த்து மொத்தத் தொகைக்கு ஏற்ற கட்டட வேலை வெறுங்கூலி வேலையன்று என்று வாதிக்கலாம். வாதிக்கும் செலவு வரவேண்டிய கடனிலும் பெரிதாகிவிடும், அவ்வளவே வேறுபாடு.

மீட்சியும் அச்சட்டத்திலேயே உண்டு. “இவர்க்கு இவ்வளவு தரவேண்டியுள்ளேன்” என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டால் காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். வாயால் ஆயிரம் முறை ஒப்புக்கொண்டாலும் ஓடாது. ஈவிரக்கமின்றித் “தரமுடியாது” என்று முகத்துக்கு நேரே சொல்பவரால் நமக்குப் பெருந்தீங்கு இல்லை. மறுநாளே சட்டத்தரணியிடம் போய்விடுவோம். “காசு வரட்டும், கட்டாயம் தருவன்” என்று தேநீரும் தந்து அனுப்பும் நல்ல மனிதராற்றான் அந்த ஓராண்டு கழிந்துபோகின்றது.

காசு ஏன் வரவில்லை? 2009 இல் மெனிக் பாம் முகாமினால் உலகின் செய்தித் தாள்களில் செட்டிகுளத்தின் பெயர் அடிபட்டது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில், பயனாளி தாமே முன்னின்று கட்டும் முறையிலான இந்திய வீட்டுத்திட்டம் வடக்குக் கிழக்கில் ஆரம்பமாயிற்று. வீடொன்றுக்கு 550,000 ரூபா. பணம் வேலையின் படிக்கேற்பத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிற்கே போயிற்று. கொந்தராத்துக்காரர் இடையில் நின்று உண்பதைத் தடுத்த நல்ல ஏற்பாடு அது. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கணவனை இழந்த ஒரு தாய் அன்று முதல் ஒரு கட்டட வேலையின் உடைமையாளர் ஆனார். மேசனோடும் கடைக்காரரோடும் ஒப்பந்தம் செய்தவர் அவரே. பணம் கொடுத்த அரசாங்கமோ நிறுவனமோ அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பன்று.

இதன் கசப்பு 2019 க்குப் பின்னரே முழுமையாகத் தெரிந்தது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை மூலம் மாதிரிக் கிராமங்கள் என்ற பெயரில் வன்னியெங்கும் வீடுகள் தொடங்கப்பட்டன. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. வன்னியின் பல கிராமங்களில் எஞ்சிய தவணைகள் நின்றுபோயின. முதல் தவணையை நம்பி இருந்த கொட்டிலையும் பிரித்தவர்கள் இருக்கின்றனர். நகையை அடகு வைத்து அரைச்சுவரை முழுச்சுவராக்கியவர்கள் இருக்கின்றனர். சட்டப்படி மேசனுக்குக் கடன்பட்டவர் அந்த ஏழைத் தாயே. வழக்குப் போட்டால் அவருக்கு எதிராகத்தான் போடவேண்டும். மேசனுக்கு மனம் வரவில்லை. மனம் வராமல் இருந்ததனால் ஓராண்டு போயிற்று. கொழும்பில் ஓர் அமைச்சு ஒரு கோப்பை மூடியதன் நட்டத்தைச் செட்டிகுளத்தில் ஒரு மேசன் தன் கூலியால் ஈடுசெய்திருக்கின்றார். இதற்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் கணக்கில்லை.

மேசன்மாரும் சிறு ஒப்பந்தகாரரும் குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. முற்பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊரில் அடுத்த அத்திவாரம் போடப் போனவர்களை அறிவோம். சீமெந்தைக் குறைத்து மண்ணைக் கூட்டிய சுவர்களையும் கண்டிருக்கின்றோம். ஏமாந்த அந்தப் பெண்களின் கையிலும் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. எழுத்தின்மை ஒரு பக்கத்தாரை மட்டும் வருத்துவதன்று.

கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் சிறு வேலைகளை நேரே வழங்கும் வழக்கமும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. வாய்க்கால், மதகு, உள்வீதி, குளக்கட்டுத் திருத்தம் போன்றவை அவ்வாறு வருகின்றன. ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில். உழவு இயந்திரமும் கொங்கிறீற்றுக் கலவையும் ஆட்களும் வேறொருவருடையவை. திணைக்களம் சங்கத்தை அறியும். வேலை செய்தவரை அறியாது. பில் தாமதமாகும். இதற்கிடையில் சங்கத்தின் பொதுக்கூட்டம் வரும். தலைவரும் பொருளாளரும் மாறுவர். புதிய நிருவாகம், “முன்னையவர் பேசியது எமக்குத் தெரியாது” என்னும். இருவர் கூட்டுச் சேர்ந்து வேலை எடுத்திருந்தால் இன்னொரு பொறியும் உண்டு. மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட கூட்டு வியாபாரத்தை அவர்கள் தமக்குள் நிலைநாட்ட எழுத்து வேண்டும் என்று முற்சொன்ன 1840 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கின்றது. அந்த ஆயிரம் ரூபாவுக்கு இன்று ஒரு மூடை சீமெந்தும் வராது. சட்டத்தில் மட்டும் அது இன்னும் பெருந்தொகை.

இனி, பதிவுபெற்ற ஒப்பந்தகாரரிடம் வருவோம். இவர்களிடம் எழுத்து உண்டு. வேண்டியதிலும் கூடவே உண்டு. 2021 இன் நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,000 ரூபாவுக்கு விற்ற 50 கிலோ சீமெந்து மூடை ஓராண்டுக்குள் 3,000 ரூபா அளவுக்கு ஏறியது. 2022 ஏப்ரிலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. சிறிய, குறுகிய கால ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நிலைத்த விலைக்கே கைச்சாத்தாகின்றன. விலை மூன்று மடங்காயிற்று என்று ஒப்பந்தகாரர் முறையிட்டால் சட்டம் என்ன சொல்லும்? 1956 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த டேவிஸ் ஒப்பந்தகாரர் வழக்கைக் காட்டும். 78 வீடுகளை 8 மாதத்தில் கட்ட ஒப்புக்கொண்ட கம்பனி, ஆள் பற்றாக்குறையால் 22 மாதத்தில் முடித்து, மேலதிகச் செலவைக் கேட்டது. வேலை கடினமாயிற்று என்பதனால் ஒப்பந்தம் கலைந்துவிடாது என்று தீர்ப்பாயிற்று. எமது நீதிமன்றங்களும் வெறும் விலையேற்றத்துக்காக ஒப்பந்தத்தைக் கலைக்க விரும்புவதில்லை.

ஒப்பந்தத்தின் உள்ளேயே பரிகாரம் இருக்கும் இடங்களிலும் அது நழுவிப்போகின்றது. பன்னாட்டு ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனத்தின் 1999 ஆம் ஆண்டு மாதிரியைப் பின்பற்றிய ஆவணங்களில், மேலதிக நாளோ பணமோ கோருபவர் காரணத்தை அறிந்த 28 நாளுள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். மாரி முந்திவிட்டது, குளக்கட்டில் பாரவூர்தி இறங்கவில்லை, வேலை நின்றது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து, “பிரச்சினையில்லை, பிறகு பார்ப்பம்” என்கின்றார். ஒப்பந்தகாரர் அதை நம்புகின்றார். 29 ஆம் நாள் உரிமை போயிற்று. பின்னர் தாமதத்துக்கான தண்டப்பணம் பில்லிற் கழிக்கப்பட்டு வருகின்றது. வன்னியில் மழை எப்போது பெய்யும் என்று ஒப்பந்தகாரருக்குத் தெரியாதா என்று கேட்கும் உத்தியோகத்தரும் உளர். தெரியும். வைகாசியிற் கொடுக்கவேண்டிய வேலையைப் புரட்டாதியிற் கொடுத்தால் என்ன நிகழும் என்பது உத்தியோகத்தருக்கும் தெரியும்.

இதனிலும் கொடியது கடனின் இரட்டை அளவுகோல். அரசாங்கம் பில்லை நிறுத்திவைக்கும்போது ஒப்பந்தகாரர் காணியை ஈடுவைத்து வங்கிப் பணத்தில் ஆட்களுக்குக் கூலி கொடுக்கின்றார். வங்கிக் கடன் தவறினால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கி இயக்குநர் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நீதிமன்ற வாசலை மிதிக்காமலே அந்தக் காணியை ஏலம் விடலாம். இந்த அதிகாரம் 2024 இல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இடைக்காலமும் 2025 மார்ச்சுடன் முடிந்துவிட்டது. அரசாங்கத்திடம் பணம் வரவேண்டிய அதே மனிதர், சட்டமா அதிபருக்கு எதிராக வழக்கிட விரும்பினால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவின்படி முதலில் ஒரு மாத அறிவித்தல் கொடுத்துக் காத்திருந்து, பின் ஆண்டுக் கணக்கில் வழக்காடவேண்டும். ஒரே மனிதர், கொடுக்கவேண்டிய கடனுக்கு ஒரு சட்டம், வரவேண்டிய கடனுக்கு வேறொரு சட்டம்!

அரசாங்கத்தின் மேல் வழக்கிட முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். ஒப்பந்தக் கடனுக்கு முடியரசையும் நீதிமன்றுக்கு இழுக்கலாம் என்பது இந்நாட்டில் 1884 இல் சீமான் அப்பு வழக்கிலேயே பிரிவிக் கவுன்சில் ஏற்ற விதி. தமிழ் மக்கள் மறக்கக்கூடாத இன்னொரு வழக்கும் உண்டு. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீசுவரன் தொடுத்த வழக்கு அது. கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964 இல் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியரசின் மேல் வழக்கிட முடியாது என்று தள்ளியது. 1969 டிசெம்பரில் பிரிவிக் கவுன்சில், முடியும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெருங்கேள்வி விடை காணாமலே 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் புதைந்துபோயிற்று. ஆனால் அரசாங்கமும் கடன்காரராகக் கூண்டில் நிற்கும் என்ற விதி புதைபடவில்லை. நாம் மொழிக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கும் அவ்வழக்கு அடிப்படையில் ஓர் ஒப்பந்த வழக்கு.

அப்படியாயின் வன்னி ஒப்பந்தகாரர் ஏன் வழக்கிடுவதில்லை? அடுத்த கேள்விப்பத்திரத்தை நினைத்து அஞ்சுகின்றனர். தாமதித்த பணத்துக்கு வட்டி கேட்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தும் அதனைக் கேட்டவர் எத்தனை பேர்? கேட்டவருக்கு வேலை வராது என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கின்றது. அது உண்மையோ பொய்யோ, அந்த அச்சமே வட்டியைத் தின்றுவிடுகின்றது.

வாசகம் இருப்பதை அறியாதவரும் பலர். ஏன்? கையெழுத்திடும் ஆவணம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றது. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை, 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்துக்குப் பின், வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழே என்கின்றது. கடிதத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் மட்டுமன்று. பொது நிறுவனங்களின் அலுவல்கள் அனைத்தையும் கொண்டு நடத்துவதற்கும் தமிழே என்கின்றது. செட்டிகுளத்தில் ஒரு மதகு கட்டும் ஒப்பந்தம் பொது நிறுவனத்தின் அலுவலா, அன்றா? தமிழை ஆட்சியினின்று நீக்கிய 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் அவ்வாண்டின் 33 ஆம் இலக்கம். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையை நிறுவிய சட்டம் 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கம். இலக்கம் ஒத்தது தற்செயல். எழுதாச் சட்டம் எழுதிய சட்டத்தை வெல்வது தற்செயலன்று. தமிழ்ப் பிரதி வேண்டும் என்று ஒப்பந்தகாரர் ஒருவர் எழுத்திற் கேட்டாலன்றி அது தானாக வரப்போவதுமில்லை. தனித்துக் கேட்க அஞ்சுவோர் சங்கமாகக் கேட்கட்டும்.

வேறு நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. “மேலிருந்து பணம் வந்தாற்றான் உனக்குத் தருவேன்” என்ற வாசகத்தைக் கட்டட ஒப்பந்தங்களில் இங்கிலாந்து 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் செல்லாததாக்கியது. பிணக்கு எழுந்தால் நடுவர் ஒருவர் 28 நாளுள் முடிவு சொல்லவும் வகைசெய்தது. நியூ சவுத் வேல்ஸ் 1999 இலும் சிங்கப்பூர் 2004 இலும் மலேசியா 2012 இலும் பணம் செலுத்தலைப் பாதுகாக்கும் சட்டங்களை இயற்றின. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டுச் சிறுதொழிற் சட்டம், சிறிய வழங்குநருக்கு 45 நாளுள் பணம் கொடாதவர் வங்கி வட்டியின் மூன்று மடங்கைக் கூட்டு வட்டியாகக் கொடுக்கவேண்டும் என்கின்றது. அத்தகைய சட்டம் இலங்கையில் இல்லை. வன்னியிலிருந்து நாடாளுமன்றம் செல்வோரிடம் நாம் கேட்பது இரண்டு. அரசாங்கப் பில்லுக்குத் திகதியும் வட்டியும் குறிக்கும் சட்டமொன்று வேண்டும். 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவிலுள்ள ஓராண்டு, கைவினைஞருக்கும் தொழிலாளருக்குமேனும் மூன்றாண்டாகவேண்டும். வீட்டுத்திட்டத் தவணை நின்றுபோன இடங்களில், ஏற்கெனவே அளந்து உறுதிப்படுத்திய வேலைக்குரிய பணத்தை, எந்த ஆட்சி தொடங்கிய திட்டம் என்று பாராது, அரசாங்கம் தன் கடனாக ஏற்கவேண்டும் என்பதையும் அவர்கள் வற்புறுத்துவார்களாக.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க மேசனால் முடியாது. அவர் முன் நிற்கும் முதற்றடை கூச்சமே. “கையெழுத்துக் கேட்டால் நம்பிக்கையில்லையோ எண்டு கேப்பினம்” என்று கொப்பியோடு வந்த அந்த முதியவரும் சொன்னார். ஒரே ஊரில் ஒரே கோயிலிற் கும்பிடுவோரிடையே இது சிறு தடையன்று. ஆகவே கையெழுத்தைத் தனியொருவர் கேட்பதாக அன்றி ஊரின் வழக்கமாக ஆக்கவேண்டும் என்று கருதி, ஒரு தாளின் இரு பக்கத்தில் அடங்கும் தமிழ் ஒப்பந்தப் படிவம் ஒன்றை எழுதியுள்ளோம். வெங்கலச் செட்டிகுளம் பிரிவிலுள்ள சங்கங்கள் இதைத் தம் கூட்டத்தில் தீர்மானமாக ஏற்று, ஊரிற் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதுவே படிவம் என்று விதிக்கலாம்.

அதில் இரு தரப்பாரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் காணியின் விவரமும் வரும். அத்திவாரம், யன்னல் மட்டம், வளைமட்டம், கூரை என்று ஒவ்வொரு படிக்கும் கூலி எவ்வளவு, கல்லும் சீமெந்தும் கம்பியும் யார் பொறுப்பு என்பன வரும். சீமெந்தின் அன்றைய விலையை எழுதி, அது எவ்வளவுக்கு மேல் ஏறினால் கூலி மீண்டும் பேசப்படும் என்ற வாசகம் வரும். வீட்டுத்திட்டத் தவணை குறித்த நாளில் வராவிடின் மேசன் வேலையை நிறுத்தலாம் என்றும், அதுவரை செய்த வேலைக்குரிய தொகை எப்போது, எவ்வாறு தீர்க்கப்படும் என்றும் வீட்டுக்காரர் ஒப்பும் வாசகம் வரும். முற்பணம் வாங்கிய மேசன் எத்தனை நாளுக்கு மேல் வராதிருந்தால் பணத்தைத் திருப்பவேண்டும் என்பதும் அதிலேயே வரும். பின்பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு படி முடிந்ததும், கொடுத்தது இவ்வளவு, நிலுவை இவ்வளவு என்று எழுதி, திகதியிட்டு, இருவரும் கையெழுத்திட அது உரியது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம்; அப்போது அயலவர் இருவர் சாட்சியிடுதல் நன்று. படிவத்துக்குக் கட்டணம் இல்லை. தமது பழைய கொப்பிகளைக் கொண்டுவருவோரின் கணக்கையும் பார்த்துத் தருவோம். கடைசிப் பதிவு எழுதி ஓராண்டு முடிவதற்குள் வரட்டும்.